கொங்கு மலைகளில் ஆரஞ்சுப் பயிர்: குளிர், வேர்ச்செடி, மெலிவு நோய் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கோயம்புத்தூர்ச் சமவெளியைச் சூழ்ந்துள்ள நீலகிரிச் சரிவுகள், ஆனைமலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகிய குளிர்ந்த நிலப்பகுதிகளில் ஆரஞ்சுப் பயிர் வேரூன்றியதையும் பின்னர் மெலிந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மலைப்பகுதிக்கு ஆரஞ்சு தேடுவோர் முதலில் வினவுவது குளிரைத் தாங்கும் இனம் எது என்பதாகும். கொங்கு மலைகளில் ஆரஞ்சு மரங்களை வீழ்த்தியது குளிரன்று என்பதையும், கன்றின் தூய்மையும் வேர்ச்செடியின் பொருத்தமுமே அவற்றின் வாழ்வைத் தீர்மானித்தன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. குளிருக்காகவே உலகில் பேணப்பட்ட மூவிலை ஆரஞ்சு, தென்னிந்திய மலைகளில் வேறொரு பணிக்காக மதிக்கப்பெற்ற வரலாறும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, கமலா ஆரஞ்சு, நாரத்தை, மூவிலை ஆரஞ்சு, வேர்ச்செடி, மெலிவு நோய், நீலகிரி

1. முன்னுரை

கொங்கு நாடு என்றவுடன் பருத்தி, கரும்பு, மஞ்சள், தென்னை ஆகிய சமவெளிப் பயிர்களே நினைவுக்கு வருகின்றன. வேளாண் வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் இவற்றையே பொருளாகக் கொண்டுள்ளனர். ஆயினும் இச்சமவெளியைச் சுற்றி நிற்கும் மலைகளில் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவற்றுடன் ஆரஞ்சும் பல தலைமுறைகளாக விளைந்துவந்தது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கொங்கின் தென்னெல்லையை ஒட்டிய கீழ்ப்பழனி மலைகளிலும் காப்பித் தோட்டங்களுக்கு இடையே நின்ற ஆரஞ்சு மரங்கள் அம்மலைகளின் பொருளாதாரத்தில் ஒரு கூறாக இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அம்மரங்கள் பெருமளவில் மெலிந்து பட்டுப்போயின. இன்று கோயம்புத்தூர்ச் சந்தைகளில் விற்கப்படும் ஆரஞ்சின் பெரும்பகுதி நாகபுரியிலிருந்தும், குளிர்காலத்தில் கின்னோ என்னும் பெயரில் பஞ்சாபிலிருந்தும் வருவதாகும்.

அண்மைக் காலத்தில் மலைப்பகுதிகளில் மீண்டும் ஆரஞ்சு நடும் ஆர்வம் எழுந்துள்ளது. குளிரைத் தாங்கும் இனம் என்ற அடைமொழியுடன் கன்றுகள் விற்கப்படுகின்றன. ஆரஞ்சு நட்டவர் முதல் விளைச்சலைக் காண நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தவறான கன்றை நட்டால் அத்தவறு தெரியவரும்போது நிலமும் உழைப்பும் காலமும் ஒருங்கே இழக்கப்பட்டிருக்கும். எனவே கடந்த காலத்தில் இம்மலைகளில் மரங்கள் எதனால் வாழ்ந்தன, எதனால் வீழ்ந்தன என்னும் வினா நடைமுறைப் பயனும் உடையதாகிறது.

2. பெயரும் தாயகமும்

நாரத்தை, எலுமிச்சை, கிச்சிலி, கொளிஞ்சி, கடாரம், கொழுமிச்சை எனத் தமிழில் இக்குடும்பத்துக்கு வழங்கும் பெயர்கள் பல. ஈழத்தமிழர் ஆரஞ்சைத் தோடம்பழம் என்பர். ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு வேறு பழங்களைக் குறிப்பதும் உண்டு. ஆதலால் பழம்பெயர் ஒன்றைக் கண்டவுடன் அது இன்ன இனம் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. சங்க இலக்கியத்தில் பயிலும் நரந்தம் என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இடம்பெறும் இச்சொல்லுக்கு நாரத்தை, நறுமணப் புல், கத்தூரி என வெவ்வேறு பொருள்கள் வழங்கியுள்ளன. எனவே இச்சொல்லை மட்டும் கொண்டு சங்க காலத்தில் குறிஞ்சி நிலத்தில் நாரத்தை பயிரிடப்பட்டது என்று கூறவியலாது.

சொல்லின் பயணம் வேறொரு செய்தியைத் தருகிறது. வடமொழியின் நாரங்கம், பாரசீகத்தின் நாரங், அரபியின் நாரஞ்ச், எசுபானியத்தின் நரஞ்சா, ஆங்கிலத்தின் ஆரஞ்சு ஆகியவை ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூலம் நாரத்தை என்னும் சொல்லோடு தொடர்புடைய ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது மொழியியலார் பலர் ஏற்கும் கருத்து. மரத்தின் தாயகமோ வேறு. நாரத்தை இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இவ்வினங்கள் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரப் பகுதியில் தோன்றிப் பரவியவை எனக் காட்டியது. அசாம், வடக்கு மியன்மார், மேற்கு யுன்னான் ஆகியவற்றைத் தழுவிய அந்நிலம் மழை மிகுந்த மலைச்சரிவுகளால் ஆனது.

இத்தாயகத்தின் இயல்பு நம் பொருளுக்கு முதன்மையானது. நாரத்தை இனங்கள் பாலைக்கோ பனிநிலத்துக்கோ உரியவை அல்ல. மிதமான குளிரும், நல்ல மழையும், நீர் தேங்காத சரிவும் அவற்றின் பிறப்புச் சூழல். கொங்கு மலைகளின் நடு உயரங்கள் இச்சூழலைப் பெரிதும் ஒத்தவை. கமலா ஆரஞ்சு அங்கு எளிதில் வேரூன்றியது வியப்புக்குரியதன்று.

3. கொங்கு நிலத்தின் வெப்பப் படிகள்

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் ஆண்டு மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று வெப்பத்தைத் தணிக்கிறது. ஆனால் இங்கு உறைபனி என்பதே இல்லை. மேட்டுப்பாளையத்தைக் கடந்து மலையேறத் தொடங்கினால் கல்லாறு, பர்லியாறு, குன்னூர், உதகமண்டலம் என நிலம் படிப்படியாக உயர்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவுக்குள் வெப்ப மண்டலத்திலிருந்து உறைபனி விழும் பள்ளத்தாக்கு வரை அனைத்தையும் காணலாம்.

இப்படிகளில் நாரத்தை இனங்கள் எங்கெங்குப் பொருந்தும் என்பதை அவற்றின் உடலியல் விளக்குகிறது. இவ்வினங்களின் வளர்ச்சி ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே நின்றுவிடும். 25 முதல் 30 பாகை வரை அவை செழிக்கும். உறைபனியைத் தாங்கும் ஆற்றல் இனத்துக்கு இனம் வேறுபடும். எலுமிச்சையும் துருஞ்சியும் மிக மென்மையானவை. பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை சென்றாலே அவற்றின் தளிர் கருகும். இனிப்பு ஆரஞ்சு சற்று வலியது. கமலா இனங்கள் அதனினும் வலியவை. சப்பானியச் சத்சுமா கமலா, குளிருக்குப் பழகிய நிலையில் சுமார் 7 பாகை உறைநிலைக் குளிரையும் பொறுக்கும். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மூவிலை ஆரஞ்சோ 20 பாகை உறைநிலைக் குளிரிலும் உயிர் பிழைக்கும்.

இக்கணக்கைக் கொங்கு மலைகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கமலா ஆரஞ்சுக்குப் பரிந்துரைக்கப்படும் உயரம் 500 முதல் 1,500 மீட்டர் வரை. இவ்வுயரங்களில் உறைபனி விழுவது அரிது. உறைபனி நீலகிரியின் மேல்தளத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காற்றோட்டமற்ற பள்ளங்களில் குளிர்காற்று இறங்கித் தேங்கும் இடங்களில் விழுவது. அங்கும் சரிவின் நடுப்பகுதி பள்ளத்தைவிடக் குளிர் குறைந்ததாகவே இருக்கும். 1,500 மீட்டருக்கு மேலே ஆரஞ்சைத் தடுப்பது பெரும்பாலும் மரத்தின் சாவன்று. பழத்தின் புளிப்பே ஆகும். பழம் இனிக்கப் போதிய வெப்பம் பல மாதங்களுக்குத் திரண்டு கிடைக்க வேண்டும். அது கிடைக்காத உயரத்தில் மரம் பசுமையாக நிற்கும். பழம் பறிக்கும் நாளிலும் புளிக்கும்.

அளவான குளிர் பழத்துக்கு நன்மையும் செய்கிறது. இரவு வெப்பநிலை 13 பாகையை ஒட்டி இறங்கும்போது தோலின் பச்சையம் சிதைந்து மஞ்சள், செம்மஞ்சள் நிறமிகள் வெளிப்படும். சமவெளியில் விளையும் சாத்துக்குடி முழுதாகப் பழுத்த பின்னும் பச்சை நிறத்திலேயே இருப்பதற்கும், மலையில் விளைந்த கமலா நிறமேறுவதற்கும் இதுவே காரணம். பூப்பிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. குளிர்நாடுகளில் பூமொட்டைத் தூண்டுவது குளிர்காலம். தென்னிந்தியாவில் அப்பணியை வறட்சி செய்கிறது. நீர் நிறுத்தி மரத்தை வாட்டிப் பின் நீர் பாய்ச்சிப் பூக்கவைக்கும் உழவர் வழக்கம் குளிருக்கு ஈடாக மனிதர் கண்ட வழியாகும்.

4. மலைத் தோட்டங்களும் கல்லூரியும்

நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஆதலால் மலைத் தோட்டக்கலையின் தொடக்கக் காலம் கோயம்புத்தூர் ஆட்சி வரலாற்றோடு பிணைந்தது. உதகமண்டலத்தில் 1848இல் தாவரவியல் தோட்டம் உருவாகத் தொடங்கியது. ஐரோப்பியக் காய்களையும் பழங்களையும் பழக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் அவ்வுயரம் ஆப்பிள், பேரி, பிளம் ஆகியவற்றுக்கு ஏற்றது. வெப்ப மண்டலப் பயிர்களுக்குக் கீழே இறங்க வேண்டியிருந்தது. பர்லியாற்றில் 1871 முதலும் கல்லாற்றில் 1900 முதலும் அரசுத் தோட்டங்கள் இயங்கின. சாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் ஆகியவற்றுக்கு இவை புகழ்பெற்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான மலை இரயில் 1899இல் ஓடத் தொடங்கியபின் கல்லாறு போக்குவரத்து வழியிலேயே அமைந்தது. குன்னூரில் 1920இல் பழவியல் நிலையம் நிறுவப்பட்டது. இவ்வாறு ஒரே மலைப்பாதையின் வெவ்வேறு உயரங்களில் ஆய்வுத் தோட்டங்கள் வரிசையாக அமைந்தன. எந்த உயரத்தில் எது விளையும் என்பதே அவை தொடக்கத்தில் விடை தேடிய வினா.

கிழக்கே சேர்வராயன் மலையில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் காப்பியைப் புகுத்தினார். காப்பி நிழல் வேண்டும் பயிர். நிழல் மரங்களுக்கிடையே ஆரஞ்சையும் மிளகையும் சேர்த்து வளர்க்கும் முறை ஏற்காடு, கொல்லிமலை, கீழ்ப்பழனி ஆகியவற்றில் நிலைபெற்றது. குடகிலும் வயநாட்டிலும் இதே முறை இருந்தது. இக்கலப்புத் தோட்டங்களின் ஆரஞ்சு மரங்கள் பெரும்பாலும் விதைக்கன்றுகள். ஆரஞ்சு விதைக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒரே விதையில் பல கருக்கள் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை கருவுறுதலின்றித் தாய்த்திசுவிலிருந்தே எழுபவை. ஆகவே விதையிலிருந்து வரும் கன்றும் தாய் மரத்தை ஒத்தே இருக்கும். நச்சுயிரி நோய்களுள் பெரும்பாலானவை விதைவழிப் பரவாதவை என்பதால் விதைக்கன்று தூய்மையாகவே வாழ்வைத் தொடங்கும். முள் மிகுதி, காய்க்கப் பல ஆண்டுகள் ஆதல், ஈர மண்ணில் அடித்தண்டு அழுகுதல் ஆகியவை அதன் குறைகள்.

சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்லூரி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1971இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று ஏற்காட்டிலும் தடியன்குடிசையிலும் இயங்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. சென்னை மாகாணத்தில் நாரத்தை இனங்களை முறையாக ஆராய்ந்தது கடப்பை மாவட்டத்துக் கோடூரில் 1935இல் தொடங்கிய பழ ஆராய்ச்சி நிலையம். அங்குப் பணியாற்றிய கே. சி. நாயக் தென்னிந்தியப் பழங்கள் பற்றி 1949இல் வெளியிட்ட நூல் பல ஆண்டுகள் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது. எந்த வேர்ச்செடியின்மேல் எந்த இனத்தை ஒட்டுவது என்னும் வினாவைக் கோடூர் ஆய்வுகள் மையப்படுத்தின. உயரத்தையும் குளிரையும் பற்றியிருந்த கவனம் மண்ணுக்குக் கீழே திரும்பத் தொடங்கியது.

5. மெலிவு நோயும் காரணத் தேடலும்

மலை ஆரஞ்சு மரங்களின் வீழ்ச்சி திடீரென வந்ததன்று. முதலில் ஒரு கிளையின் நுனி கருகும். இலைகள் சிறுத்து நரம்புகளுக்கிடையே மஞ்சளிக்கும். காய்கள் சிறுத்துக் கோணலாகும். ஓரிரு ஆண்டுகளில் மரம் முழுவதும் மெலியும். இதனை நுனிக்கருகல் என்றும் மெலிவு என்றும் அழைத்தனர். குடகு, வயநாடு, சேர்வராயன் மலை, கீழ்ப்பழனி எனத் தென்னிந்திய மலைகள் பலவற்றிலும் இது காணப்பட்டது.

காரணம் தேடியோர் முதலில் சூழலையே நோக்கினர். மண் வளம் குன்றியது என்றனர் சிலர். நீர் தேங்குதல், கவாத்துச் செய்யாமை, பராமரிப்பின்மை என்றனர் வேறு சிலர். துத்தநாகக் குறைபாடு இலை மஞ்சளிப்புக்குக் காரணம் என்பது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. துத்தநாகக் கரைசல் தெளித்த மரங்கள் சிறிது காலம் பசுமை பெற்றன. ஆயினும் பல இடங்களில் அவை மீண்டும் மெலிந்தன. குறைபாடு நோயின் விளைவாகவும் தோன்றக்கூடும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

இதே காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. பிரேசிலில் 1930களின் பிற்பகுதியில் பரவிய நோய்க்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் துயரம் எனப் பொருள்படும் டிரிஸ்டீசா என்னும் பெயர் இடப்பட்டது. அது அசுவினிப் பூச்சியால் பரவும் நச்சுயிரி நோய் என்பது 1946இல் மெய்ப்பிக்கப்பட்டது. கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியின்மேல் ஒட்டப்பட்ட இனிப்பு ஆரஞ்சு மரங்களே பெரிதும் மாண்டன. ஒட்டின் மேற்பகுதி நோயைப் பொறுத்துக்கொள்ளும். வேர்ச்செடியும் தனித்து நின்றால் வாழும். இரண்டும் சேர்ந்த நிலையில் ஒட்டுப் பொருந்திய இடத்தில் உணவு கடத்தும் திசு அழிந்து வேர் பட்டினியால் மடியும். இந்தியாவில் பம்பாய் மாநிலத்து ஆரஞ்சு மெலிவில் டிரிஸ்டீசாவுக்குப் பங்குண்டு என்பதை வாசுதேவா, கபூர் ஆகியோர் 1958இல் வெளியிட்டனர்.

அடுத்த கண்டறிதல் இன்னும் கவலைக்குரியது. இந்தியாவின் ஆரஞ்சு மெலிவுக்கு முதன்மைக் காரணம் பசுமையாதல் நோயாக இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய அறிஞர் லிலியன் பிரேசரும் இந்திய ஆய்வாளர்களும் 1966இல் அறிவித்தனர். சைலிட் என்னும் சிறு சாறுண்ணிப் பூச்சி இந்நோயைப் பரப்புகிறது என்பதைக் கபூரும் உடனாய்வாளரும் 1967இல் காட்டினர். நோய்க்காரணி நச்சுயிரியன்று, திசுக்குழாயில் வாழும் ஒருவகைப் பாக்டீரியம் என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. டிரிஸ்டீசாவுக்கு வேர்ச்செடியை மாற்றினால் தீர்வு உண்டு. பசுமையாதல் நோயிலிருந்து மரத்தைக் காக்கும் வேர்ச்செடி எதுவும் இல்லை. நோயற்ற கன்றும் பூச்சிக் கட்டுப்பாடும் நோயுற்ற மரத்தை அகற்றுதலுமே அதற்குரிய வழிகள்.

இங்கே மலைக்குளிரின் மற்றொரு பங்கு புலப்படுகிறது. ஆசியச் சைலிட் வெப்பத்தை விரும்பும் பூச்சி. ரீயூனியன் தீவில் இது தாழ்ந்த பகுதிகளில் பெருகியதும், குளிர்ந்த மேல்நிலத்தில் ஆப்பிரிக்கச் சைலிட் வாழ்ந்ததும் ஆராயப்பட்டுள்ளன. இந்தியாவில் ஆசியச் சைலிட் மட்டுமே உண்டு. ஆகவே உயர்ந்த, குளிர்ந்த, மழை மிகுந்த சரிவு இப்பூச்சிக்கு ஓரளவு தடையாகிறது. ஆனால் சமவெளி நாற்றங்காலில் நோய் தொற்றிய கன்றை மலைக்குக் கொண்டுசென்றால் அத்தடை பயனற்றதாகும். நோயுற்ற மரத்திலிருந்து எடுத்த ஒரு மொட்டு, பூச்சியின் துணையின்றியே நோயை மலையேற்றிவிடும். விதைக்கன்றுக் காலத்தில் இல்லாத இவ்விடர், தூய்மை அறியாத ஒட்டுக்கன்று வணிகத்தோடு சேர்ந்து வந்தது.

6. குளிருக்காகப் பிறந்த இனமும் கோயம்புத்தூர்க் கரும்பும்

குளிரைத் தாங்கும் நாரத்தை இனங்களின் வரலாறு கிழக்காசியாவில் தொடங்குகிறது. ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே இனிய ஆரஞ்சாக விளைவது வடக்கே நட்டால் கசந்த மூவிலைக் காயாகிவிடும் என்னும் வழக்கு பழைய சீன நூல்களில் உண்டு. குளிரில் மேல் ஒட்டு மடிந்து அடியிலிருந்த மூவிலை வேர்ச்செடி தளிர்த்த காட்சியே இவ்வழக்குக்கு அடிப்படையாக இருக்கலாம் எனக் கருதுவோரும் உளர். சப்பானில் சத்சுமா கமலாவை மூவிலை ஆரஞ்சின்மேல் ஒட்டும் முறை நெடுங்காலமாக நிலவுகிறது.

1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் வந்த இரு கடும் உறைபனிகள் அமெரிக்காவின் புளோரிடாத் தோட்டங்களைப் பேரளவில் அழித்தன. அதன்பின் வால்டர் சுவிங்கிள், ஹெர்பர்ட் வெப்பர் ஆகியோர் இனிப்பு ஆரஞ்சையும் மூவிலை ஆரஞ்சையும் கலந்து குளிர் தாங்கும் இனிய பழத்தை உருவாக்க முனைந்தனர். சிட்ரேஞ்ச் எனப்பட்ட அக்கலப்பினங்கள் குளிரைத் தாங்கின. பழமோ புளித்துக் கசந்தது. உண்பதற்கான முயற்சி என்ற அளவில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் 1909இல் செய்யப்பட்ட கலப்பில் பிறந்த டிராயர் என்னும் சிட்ரேஞ்ச், கலிபோர்னியாவில் டிரிஸ்டீசா பரவியபோது அதைத் தாங்கும் வேர்ச்செடியாகப் பெரும் பயன் தந்தது. குளிருக்காகத் தேடிய ஆற்றல் நோய்க்கு மருந்தாகியது.

இம்முயற்சியைக் கோயம்புத்தூரில் அதே காலத்தில் நடந்த மற்றொரு முயற்சியோடு ஒப்பிடுதல் பயனுடையது. 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சார்லஸ் ஆல்பிரட் பார்பரும் அவருக்குப்பின் டி. எஸ். வெங்கட்ராமனும் வடஇந்தியாவின் கடுஞ்சூழலைத் தாங்கும் கரும்பை உருவாக்க முனைந்தனர். வெள்ளைக் கரும்பையும் நாணல் இனமான காட்டுக் கரும்பையும் கலந்து பெற்ற கோ 205 என்னும் இனம் 1918இல் வெளியிடப்பட்டது. புளோரிடாவிலும் கோயம்புத்தூரிலும் கையாளப்பட்ட கருத்து ஒன்றே: இனிமைமிக்க பயிர் இனத்தோடு முரட்டுக் காட்டு இனத்தைக் கலந்து வன்மை பெறுதல். கரும்பில் அது வென்றது. ஆரஞ்சில் பழத்தளவில் தோற்றது. கரும்பில் வேண்டுவது சாற்றின் சருக்கரை. மீண்டும் மீண்டும் இனிய கரும்போடு கலந்து முரட்டுத் தன்மையைக் குறைக்கலாம். நல்லதொரு நாற்றைக் கரணை வழியே விரைவில் பெருக்கலாம். ஆரஞ்சில் ஒரு கலப்பின நாற்று காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும். தாய்த்திசுக் கருக்கள் மிகுதியாக எழுவதால் உண்மைக் கலப்பினத்தைப் பிரித்தறிவதும் கடினம். தோலிலும் சாற்றிலும் ஊறிய கசப்பெண்ணெயை ஒன்றிரண்டு தலைமுறைகளில் நீக்கவியலாது. எனவே முரட்டு இனத்தின் வன்மையைப் பழத்தில் கலக்காமல் வேரில் வைத்துப் பயன்படுத்துவதே ஆரஞ்சுக்கு உகந்த வழியாயிற்று.

7. மூவிலை ஆரஞ்சும் கொங்கு மண்ணும்

தென்னிந்திய ஆய்வாளர் மூவிலை ஆரஞ்சை நாடியது இப்பின்னணியிலேயே. குடகுக் கமலாவுக்கான வேர்ச்செடி ஆய்வுகளில் ரங்கப்பூர் எலுமிச்சை, ஜம்பேரி ஆகியவற்றுடன் மூவிலை ஆரஞ்சும் இடம்பெற்றது. டிரிஸ்டீசாவைத் தாங்குதல், ஈர மண்ணில் வேரழுகலையும் பிசின் வடிதலையும் எதிர்த்தல், வேர் நூற்புழுவைத் தடுத்தல் ஆகியவை அதன் சிறப்புகள். அதன் குளிர் தாங்கும் ஆற்றலுக்கு இங்கு வேலையே இல்லை. உறைபனி விழாத 1,000 மீட்டர் உயரத்தில் 20 பாகை உறைநிலைக் குளிரைத் தாங்கும் வேர் எதற்கு என்று வினவினால், மழைக்காலத்து ஈரத்தைத் தாங்குவதற்கு என்பதே விடை.

இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது மண். மூவிலை ஆரஞ்சும் அதன் கலப்பினங்களும் அமிலத்தன்மையுடைய மண்ணில் நன்கு வளரும். சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்புச் சத்தை ஈர்க்க முடியாமல் வெளிறும். கொங்கு மலைகளின் மழை கழுவிய மண் அமிலத்தன்மை வாய்ந்தது. கோயம்புத்தூர், பல்லடம், தாராபுரம் வட்டாரங்களின் கரிசலிலும் செம்மண்ணிலும் சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த பகுதிகள் பரவலாக உள்ளன. மலையில் மருந்தாகும் வேர்ச்செடி அடிவாரத்தில் நோயாகலாம். சமவெளிக்கு ரங்கப்பூர் எலுமிச்சை போன்ற, சுண்ணாம்பையும் வறட்சியையும் பொறுக்கும் வேர்ச்செடியே ஏற்றது.

இரண்டாவது மொட்டின் தூய்மை. எக்சோகார்ட்டிசு என்னும் வைராய்டு நோய் பல நாரத்தை மரங்களில் அறிகுறியின்றி மறைந்திருக்கும். அத்தகைய மரத்தின் மொட்டை மூவிலை ஆரஞ்சின்மேலோ ரங்கப்பூர் எலுமிச்சையின்மேலோ ஒட்டினால் அடித்தண்டின் பட்டை வெடித்து உரிந்து மரம் குறுகிப்போகும். குளிருக்கு மிக வலிய வேர் தூய்மையற்ற மொட்டுக்கு மிக மெலியதாக இருப்பது கருதத்தக்கது. பொருத்தமான வேர்ச்செடியைத் தேர்ந்தாலும், மொட்டு எடுக்கும் தாய்மரம் சோதிக்கப்படாவிட்டால் பயனில்லை. குருத்து நுனியை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் ஒட்டி நோயற்ற தாய்ச்செடி உருவாக்கும் முறை 1970களில் உலகில் வளர்ந்தது. நாகபுரியிலுள்ள மைய நாரத்தைவகை ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையைப் பின்பற்றி வருகிறது.

8. முடிவுரை

கொங்கு மலைகளின் ஆரஞ்சு வரலாற்றில் மூன்று கட்டங்களைக் காணலாம். முதற்கட்டத்தில் உயரமும் குளிரும் ஆராயப்பட்டன. கமலாவுக்கு உகந்த நடு உயரம் அனுபவத்தால் அறியப்பட்டது. இரண்டாம் கட்டத்தில் காப்பி நிழலில் விதைக்கன்று ஆரஞ்சு நிலைபெற்றது. மூன்றாம் கட்டத்தில் அம்மரங்கள் மெலிந்தன. காரணத்தைச் சூழலில் தேடியதில் காலம் கழிந்தது. நச்சுயிரி, பாக்டீரியம், வேரழுகல், ஊட்டக் குறைபாடு ஆகியவற்றின் கூட்டு விளைவே மெலிவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இம்மூன்று கட்டங்களிலும், பரிந்துரைக்கப்பட்ட உயரத்துக்குள், குளிர் மரத்தைக் கொன்றதாகக் கொள்ள இடமில்லை. பழத்துக்கு நிறம் தந்தும் பூச்சியை ஓரளவு தடுத்தும் அது பயிருக்குத் துணையாகவே நின்றது.

ஆதலின் 500 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் ஆரஞ்சு நட விரும்புவோர் கன்று விற்பவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இக்கன்றின் வேர்ச்செடி எது? இதன் மொட்டு எடுத்த தாய்மரம் நோய்ச் சோதனைக்கு உட்பட்டதா? இவ்விரண்டுக்கும் விடையில்லாத நிலையில் குளிரைத் தாங்கும் இனம் என்னும் அடைமொழி வாங்குவோருக்கு எவ்வகைக் காப்பும் அளிப்பதில்லை. உறைபனி விழும் மேல்தளத்தில் நடுவோருக்கு மட்டுமே இனத்தின் குளிர்வன்மை பொருளுடையது. அங்கும் பள்ளத்தை விலக்கிச் சரிவைத் தேர்வதும், பழம் புளிப்பு நீங்காமல் நிற்கக்கூடும் என்பதை முன்னரே கணக்கில் கொள்வதும் வேண்டும்.

மலைகள் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் சைலிட் பூச்சிக்கு உகந்த நிலம் மேன்மேலும் உயரத்துக்கு ஏறக்கூடும். இன்று குளிர் அளிக்கும் தடை நாளை குறையலாம். ஏற்காடு, கொல்லிமலை, கீழ்ப்பழனி ஆகிய இடங்களில் மெலிவைத் தாண்டி இன்றும் காய்க்கும் முதிய விதைக்கன்று மரங்களை அடையாளங்கண்டு, நோய்ச் சோதனை செய்து, அவற்றின் விதையையும் மொட்டையும் பேணுதல் காலம் தாழ்த்தாது செய்யத்தக்க பணியாகும். அம்மரங்களுக்கு உள்ளூர் மக்கள் வழங்கும் பெயர்களையும், அவற்றை நட்டுக் காத்தோரின் அனுபவங்களையும் தொகுப்பது தமிழாய்வாளரின் பொறுப்பில் வருவது. வேளாண் அறிவியலும் சொல்லாய்வும் கைகோத்துச் செய்யவேண்டிய அப்பணிக்கு இக்கட்டுரை ஒரு தொடக்கமாக அமையும்.